வல்லாங்குளம் கிளை மேகத்தில் ஏறிய கதை

வல்லாங்குளத்தில் ஏரிப் பாசனச் சங்கத்துக்கு ஒரு கிளை அலுவலகம் உண்டு. அதில் நான்கு பேர் வேலை பார்த்தார்கள். நான்கு பேரும் நல்லவர்கள். நேரத்துக்கு வருவார்கள், சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை, சொன்ன சொல் எப்படி இருந்ததோ அப்படியே செய்வார்கள். மற்றதெல்லாம் அதனால் வந்ததுதான்.

செயலாளர் நடனசிகாமணி கையெழுத்துப் போடுமுன் பேனாவை நெற்றியில் ஒற்றிக்கொள்வார். தட்டச்சர் சௌந்தரவல்லி கொடுத்ததைக் கொடுத்தபடி அடிப்பார்; தாளில் கொசு செத்து ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைப்பார். பதிவறைக் காப்பாளர் பக்கிரிசாமி பதினேழு வருடமாகச் சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை, கழற்றச் சொல்லி உத்தரவு வரவில்லை என்பதால். நான்காமவர் உதவியாளர் ஏகாம்பரம். நால்வரில் அவர்தான் சிந்தனையாளர். யாருக்காவது குழப்பம் வந்தால் அவரைக் கேட்பார்கள். கேட்ட பிறகு தெளிவாகக் குழம்புவார்கள்.

ஒரு திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘சங்கத்தின் உள்வலை இந்த வாரம் மேம்படுத்தப்படுகிறது. கிளைகள் ஒத்துழைக்கவும்.’

“நம்ம கிட்ட உள்ளே வலை இருக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று செயலாளர் ஆச்சரியப்பட்டார். கூடத்துக்குள் புறா வராமல் இருக்க ஒரு நைலான் வலை கட்டியிருந்தார்கள்.

“போன வருஷம் பார்வையிட வந்தவர் அண்ணாந்து பார்த்தாரே, அப்பவே குறிச்சிருப்பார்” என்றார் பக்கிரிசாமி.

“சரி, மேம்படுத்தறதுன்னா என்ன?”

ஏகாம்பரம் கண்ணை மூடி யோசித்தார். “மேல் படுத்தறது சார். மேலே படுக்க வைக்கணும்.”

வலையை அவிழ்த்து, நான்காக மடித்து, பீரோவின் மேல் படுக்க வைத்தார்கள். அது வசதியாகப் படுக்கட்டும் என்று சௌந்தரவல்லி அடியில் ஒரு பழைய போர்வையை விரித்தார். பிற்பகலுக்குள் கூடத்தில் இருபத்திரண்டு புறாக்கள் குடியேறின. செயலாளர் பதில் அனுப்பினார்: ‘உள்வலை மேம்படுத்தப்பட்டது. நாங்கள் ஒத்துழைத்தோம். புறாக்கள் ஒத்துழைக்கவில்லை.’

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகக் கணினிப் பிரிவிலிருந்து பிரபாவதி மேடம். எல்லோரும் கேட்கட்டும் என்று செயலாளர் ஒலியைக் கூட்டினார்.

“சார், புறா விஷயம் அப்புறம் பேசுவோம். நல்லாக் கேளுங்க. உங்க பழைய சர்வர் ரொம்ப மெதுவாயிடுச்சு. ரெண்டு பேர் சேர்ந்தாப்ல கேட்டா அப்படியே நின்னுடுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதை நிறுத்தப் போறோம். அதுக்குள்ள அதுல இருக்கிற ஆவணத்தையெல்லாம் எடுத்து, புது சர்வருக்கு மாத்திடுங்க.”

“மாத்தலைன்னா மேடம்?”

“உங்க கிளையை மூடிட்டு, உங்க நாலு பேரையும் நாலு ஊருக்கு மாத்திடுவாங்க. தலைவர் கையெழுத்தே போட்டு வெச்சிட்டார்.”

செயலாளர் தொலைபேசியை வைத்தார். பதினேழு வருடமாக நால்வரும் ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். சௌந்தரவல்லி வத்தக்குழம்பு கொண்டுவருவார், செயலாளர் பொரியல், பக்கிரிசாமி தயிர்சாதம். ஏகாம்பரம் பசியைக் கொண்டுவருவார். நாலு ஊர் என்றால் குழம்பு ஒரு ஊரிலும் சோறு ஒரு ஊரிலும் ஆகிவிடுமே! சௌந்தரவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அழுவாதீங்கம்மா. பழைய சர்வர்கிட்ட இருக்கிறதை வாங்கிட்டாப் போச்சு” என்றார் செயலாளர்.

நால்வரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். எதிரே ஓட்டல். வாசலில் ஒரு தட்டு மெதுவடையோடு நின்றிருந்தார் சர்வர் சாம்பமூர்த்தி. முப்பத்தொரு வருடமாக அங்கே பரிமாறுகிறவர். வயது அறுபத்திரண்டு.

“மெதுவாத்தான் ஆயிட்டாரு” என்றார் பக்கிரிசாமி.

“நேத்து நான் காப்பி கேட்டேன், பக்கத்து மேஜைக்காரர் பொங்கல் கேட்டார். நடுவுல அப்படியே நின்னுட்டாரு” என்றார் ஏகாம்பரம்.

“இங்கே நாம தினமும் பார்த்துக் கண்டுபிடிக்காததை அங்கே உட்கார்ந்து கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க. அதான் தலைமை அலுவலகம்!” என்றார் செயலாளர்.

நால்வரும் வரிசையாகத் தெருவைக் கடந்தார்கள்.

“சாம்பமூர்த்தி அண்ணே, உங்ககிட்ட இருக்கிற ஆவணத்தையெல்லாம் எடுத்துக் கொடுங்க.”

“ஆவணமா? என்கிட்ட ஏது சார் ஆவணம்?” என்றபடி அவர் சட்டைப்பையைத் துழாவினார். கண்ணாடிக் கடைச் சீட்டு ஒன்று, ஓசூரிலிருந்து மகள் எழுதிய கடிதம் ஒன்று, விபூதிப் பொட்டலம் ஒன்று. பக்கிரிசாமி பதிவேட்டில் ‘மூன்று’ என்று எழுதி, பொட்டலத்துக்கு எதிரே ‘பிரித்துப் பார்க்கப்பட்டது, பூசப்பட்டது’ என்று குறித்தார்.

“எதுக்கு சார் இதெல்லாம்?”

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “உங்களை வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நிறுத்தறாங்க அண்ணே. மேலிடத்து உத்தரவு.”

சாம்பமூர்த்தி தட்டைக் கீழே வைத்தார். “முப்பத்தொரு வருஷம் சார். ஒரு டம்ளர் உடைச்சதில்லை. ஒரு சாம்பார் வாளி கவுத்ததில்லை. மெதுவாப் போறேன், அது வாஸ்தவம்தான். அதுக்காகவா?” என்று சொல்லி, சாப்பிடுகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருடத்தில் அந்த ஓட்டலுக்குள் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஓட்டல் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து ஓடிவந்தார். “என் சர்வரை நிறுத்த அவங்க யாருய்யா?”

“கோபப்படாதீங்க. அஞ்சு மணிக்குத்தான் நிறுத்தறாங்க. உங்க கடையில சாயங்கால டிபன் அஞ்சரைக்குத்தானே?” என்று ஏகாம்பரம் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம் முதலாளிக்கும் புரியவில்லை, ஏகாம்பரத்துக்கும் புரியவில்லை.

சாம்பமூர்த்தி குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்க்க நால்வருக்கும் மனசு கேட்கவில்லை. அலுவலகத்துக்கு ஓடிப் பிரபாவதி மேடத்தை அழைத்தார்கள்.

“மேடம், பழைய சர்வர் ரொம்பச் சத்தம் போடுது” என்றார் செயலாளர்.

“என்ன மாதிரிச் சத்தம்?”

“விசும்பற மாதிரி மேடம். நடுநடுவுல மூக்கை உறிஞ்சற மாதிரி. உடம்பே ஆடுது.”

“சூடாயிருக்கும் சார். முதல்ல தூசி தட்டுங்க. காத்துப் படற இடத்துல வைங்க. அப்பவும் சரியாகலைன்னா கொஞ்ச நேரம் அணைச்சு வெச்சிட்டு விடுங்க. எனக்கே எங்க சர்வருக்கு அதைத்தான் செய்ய வேண்டியிருக்கு.”

“நீங்களேவா மேடம்?” என்றார் சௌந்தரவல்லி, குரல் நெகிழ்ந்து.

திரும்பப் போனார்கள். ஏகாம்பரம் துண்டால் சாம்பமூர்த்தியைத் தலையிலிருந்து கால்வரை தட்டினார். பக்கிரிசாமி அவரை மின்விசிறிக்கு அடியில் நகர்த்தினார். அப்பவும் விசும்பல் நிற்கவில்லை. உடனே செயலாளர் அவரை இறுக அணைத்துக்கொண்டார். பிறகு பக்கிரிசாமி அணைத்தார், பிறகு ஏகாம்பரம். சௌந்தரவல்லி பெண்பிள்ளையாதலால் தோளில் தட்டிக்கொடுத்தார். சாம்பமூர்த்தி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, “யாருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

“மேடம் சொன்னது பலிச்சிருச்சு பாருங்க!” என்றார் செயலாளர்.

புதன்கிழமை அடுத்த சந்தேகம். புது சர்வர் எங்கே இருக்கிறார்?

“மேகத்துல சார். இப்பல்லாம் எல்லாமே மேகத்துலதான். நீங்க ஆவணங்களை மேலே ஏத்தினாப் போதும், அது வாங்கி வெச்சுக்கும்” என்றார் பிரபாவதி தொலைபேசியில். “அப்புறம், கணினிக்கு ஒரு புதுக் கடவுச்சொல் வைங்க. எட்டு எழுத்து. அது யாருக்குமே தெரியக் கூடாது.”

முதலில் மேகத்தை விவாதித்தார்கள்.

“மேகம் எப்படிய்யா சர்வராகும்?”

“சர்வர்னா யாரு சார்? பரிமாறுறவர். நம்ம ஏரிக்கு இத்தனை வருஷம் தண்ணி பரிமாறினது யாரு?” என்று கேட்டார் ஏகாம்பரம்.

பாசனத் துறையில் ஊறியவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கடவுச்சொல்தான் சிரமமாக இருந்தது. “யாருக்குமேன்னா நமக்கும்தான்” என்றார் செயலாளர். “நமக்கே தெரியாம எப்படி வைக்கிறது?” கடைசியில் ஏகாம்பரம் வழி சொன்னார். ஒவ்வொருவராக அறைக்குள் போய் ஆளுக்கு இரண்டு எழுத்துத் தட்டிவிட்டு, அடுத்தவரிடம் சொல்லாமல் வெளியே வர வேண்டியது. அப்படியே செய்தார்கள். கடவுச்சொல் யாருக்குமே தெரியாமல் அமைந்தது. ஆனால் கணினியைத் திறக்க நால்வரும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. வியாழக்கிழமை தன் முறை வந்தபோது பக்கிரிசாமி எந்த இரண்டு எழுத்து என்பதை மறந்துபோனார்.

“உங்க ரெண்டு எழுத்து உங்களுக்கே தெரியாதா?” என்று சௌந்தரவல்லி கேட்டார்.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னாங்களே. கஷ்டப்பட்டு மறந்தேன்” என்றார் பக்கிரிசாமி. கணினி அன்றோடு மூடிக்கொண்டது. இதைவிடப் பத்திரமான அலுவலகம் எங்கே இருக்கும் என்று செயலாளர் பூரித்துப்போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு மாற்ற வேண்டும் என்பது உத்தரவு. ஆகவே பழையவர் கையால்தான் போக வேண்டும். முதலாளியிடம் கெஞ்சிச் சாம்பமூர்த்தியை அழைத்துவந்தார்கள். தன்னை நிறுத்தப்போகிறவர்களுக்கே கடைசியாக ஒரு வேலை செய்துகொடுப்போம் என்று அவரும் வந்தார். பதிவறையில் அறுநூறு கோப்புகள். சாம்பமூர்த்தி இடது கையை நீட்டி, தோசைத் தட்டு அடுக்குவதுபோல மணிக்கட்டிலிருந்து தோள்வரை பன்னிரண்டு கோப்புகளை அடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். மெதுவாகத்தான் ஏறினார். ஒன்றுகூட நழுவவில்லை. பிற்பகல் மூன்றரைக்கு அறுநூறும் மொட்டைமாடியில் இருந்தன.

வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை.

“மேடம், எல்லாத்தையும் மேலே கொண்டாந்துட்டோம். மேகம் காணோம்” என்றார் செயலாளர் கைப்பேசியில்.

“சில நேரம் தொடர்பு விட்டுப்போகும் சார். வந்துடும், காத்திருங்க.”

காத்திருந்தார்கள். நாலு மணி. நாலரை. நான்கு ஊர்களின் பெயரும் ஒவ்வொருவர் மனதிலும் ஓடியது. சௌந்தரவல்லி டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, “நாலு பேருக்கு அளவு போட்டே கை பழகிடுச்சே, இனிமே தனியா எப்படிக் குழம்பு வைப்பேன்?” என்று முணுமுணுத்தார்.

நாலே முக்காலுக்கு மேற்கே ஒரு கருமேகம் எழுந்தது. ஏகாம்பரம் துண்டைச் சுழற்றிக் கூப்பிட்டார். அது நேராக மாடிக்கு மேலே வந்து நின்றது.

“ஏத்துங்கய்யா!” என்று கத்தினார் செயலாளர். ஏகாம்பரம் ஒரு கோப்புக் கட்டைத் தலைக்குமேல் தூக்கினார். மேகம் வாங்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினார். மேஜைமேல் ஸ்டூல் போட்டு ஏறினார். அப்போது மேகம் பரிமாறத் தொடங்கியது.

“மேடம், மேகம் வந்துடுச்சு!”

“அப்பாடா! எவ்வளவு ஏறியிருக்கு சார்?”

“ஏகாம்பரம் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல் உசரம் ஏறியிருக்கார் மேடம்.”

மழைச் சத்தத்தில் அந்தப் பக்கம் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. “நூறு சதவீதம் ஆகிற வரைக்கும் எதையும் எடுத்துடாதீங்க” என்றது குரல்.

நால்வரும் நனைந்துகொண்டே அசையாமல் நின்றார்கள். சாம்பமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. “சார், காகிதமெல்லாம் நனையுதே!”

“நூறு சதவீதம் நனையட்டும் அண்ணே. இப்ப எழுபதுதான் இருக்கும்” என்றார் செயலாளர்.

சாம்பமூர்த்தி சங்கத்து ஊழியர் இல்லை. அதனால் அவருக்குப் புத்தி வேலை செய்தது. இரண்டு கையிலும் கோப்புகளை அடுக்கிக்கொண்டு படியிறங்கினார், தெருவைக் கடந்தார், ஓட்டலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மெதுவாக நடந்த மனிதர் அன்றைக்கு எப்படி அத்தனை தடவை ஏறி இறங்கினார் என்பது முதலாளிக்கே விளங்கவில்லை. மழை நின்றபோது மாடியில் நான்கு ஊழியர்கள் மட்டுமே மீதி இருந்தார்கள். அவர்கள் நூறு சதவீதம் நனைந்திருந்தார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டலில் காகிதம் காய்ந்தது. வாழையிலைமேல் பரப்பினார்கள், கொடி கட்டித் தொங்கவிட்டார்கள், மிச்சத்தை இளஞ்சூட்டில் தோசைக்கல்லில் போட்டார்கள். “அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடுப்பா. முறுகல் வேணாம்!” என்று முதலாளி மேற்பார்வை பார்த்தார்.

திங்கட்கிழமை பிரபாவதி ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் கிளையை மூடும் உத்தரவு. ஓட்டலில் கொடி நிறையக் காகிதங்கள் ஆடுவதைப் பார்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார். சாம்பார் வாசனை.

“யார் சார் உங்களை இப்படிச் செய்யச் சொன்னது?”

“நீங்கதான் மேடம்” என்றார் செயலாளர். சௌந்தரவல்லி தொலைபேசிப் பேச்சையெல்லாம் வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து வைத்திருந்தார். பிரபாவதி அதை வாங்கி முழுவதும் படித்தார். ‘அணைச்சு வெச்சிட்டு விடுங்க’ என்ற இடம் வந்தபோது தலைநிமிர்ந்து சாம்பமூர்த்தியைப் பார்த்தார். சாம்பமூர்த்தி கும்பிட்டார். பிரபாவதி பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார்.

உத்தரவை நீட்ட அவர் கையைத் தூக்கியபோது கைப்பேசி அடித்தது. பேசியவர் சங்கத் தலைவர். புது ஏற்பாடு முந்தாநாளே படுத்துவிட்டதாம். பதினோரு கிளைகளின் ஆவணங்களும் போன இடம் தெரியவில்லையாம். ஏற்றியாகிவிட்டதே என்று மற்றக் கிளைகளெல்லாம் காகிதங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். புதன்கிழமை வாய்க்கால் திறக்க வேண்டும். எந்த ஏரிக்கு எந்த நாள் தண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு ஊரில் இப்போதே மண்வெட்டியோடு நிற்கிறார்களாம்.

பிரபாவதி தலைக்குமேல் ஆடிய காகிதத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தார். ‘பதினோரு ஏரிகளின் முறைநீர்ப் பட்டியல்.’

“இது எப்படி இங்கே வந்தது?”

“எல்லாக் கிளையும் எங்களுக்கு ஒரு நகல் அனுப்புவாங்க மேடம்” என்றார் பக்கிரிசாமி. “பெற்றுக்கொள்ளவும்னு எழுதியிருக்கும், பெத்துக்குவோம். படிக்கவும்னு எழுதலை, அதனால படிக்கலை. தூக்கிப் போடவும்னு யாரும் எழுதலை, அதனால போடலை.”

பிரபாவதி மூடும் உத்தரவை நான்காகக் கிழித்தார். பக்கிரிசாமி துண்டுகளைப் பொறுக்கி, ‘கிழிந்த உத்தரவுகள்’ என்று ஒரு புதுக் கோப்புத் திறந்தார். புதன்கிழமை வாய்க்கால் திறந்தது. மண்வெட்டிகள் வீட்டுக்குப் போயின.

“பழைய சர்வரை நிறுத்தினது எங்க தப்புதான். அதை மறுபடி ஓட விடறோம்” என்று பிரபாவதி சொல்லவே, செயலாளர் அதைச் சாம்பமூர்த்தியிடம் தெரிவித்தார். அன்று சாயங்காலம் அந்த மனிதர் சந்தோஷத்தில் ஓடி ஓடிப் பரிமாறினார்.

ஜீப்பில் ஏறும்போது பிரபாவதி கடைசியாக ஒன்று சொன்னார். சொல்லாமல் போயிருக்கலாம். “இனிமே முக்கியமானது எதுவா இருந்தாலும் வேற ஊர்ல ஒரு நகல் இருக்கணும் சார். இங்கே இருக்கிறது கெட்டாலும் அங்கே இருக்கிறதை வெச்சு வேலை நடக்கணும்.”

நால்வரும் ஆலோசித்தார்கள்.

“நம்ம அலுவலகத்துல முக்கியமானது என்ன?”

“நாமதான் சார்” என்றார் ஏகாம்பரம். இதில் கருத்து வேறுபாடு எழவில்லை.

பக்கத்து ஊரான செம்மாபுரத்தில் ஓர் அறை பிடித்தார்கள். நால்வரையும் ஆளுயரப் புகைப்படம் எடுத்து, சட்டம் போட்டு, நாலு நாற்காலியில் உட்கார வைத்து, வாசலில் ‘செம்மாபுரம் கிளை’ என்று பலகை மாட்டி, கதவைத் திறந்துவிட்டு வந்தார்கள். செம்மாபுரத்து ஜனங்கள் வந்தார்கள், குறையைச் சொன்னார்கள், மனுவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தலைமை அலுவலகம் அந்த ஆண்டின் சிறந்த கிளையை அறிவித்தது: செம்மாபுரம். ‘மனுதாரர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிறார்கள். எரிந்து விழுவதில்லை. இருக்கையை விட்டு எழுவதில்லை. ஒரு கோப்பைக்கூட நனைத்ததில்லை’ என்று பாராட்டுப் பத்திரத்தில் எழுதியிருந்தது.

விழாவுக்கு நால்வரும் புகைப்படங்களைச் சுமந்துகொண்டு போனார்கள். தலைவர் படங்களுக்கு மாலை போட்டார். பின்வரிசையில் உட்கார்ந்து நால்வரும் கை வலிக்கத் தட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் மாலை போட்ட படங்களைப் பார்த்துக் கலங்கி, சௌந்தரவல்லியின் கையைப் பிடித்து, “எப்பம்மா போனாங்க?” என்று கேட்டார்.

“இன்னும் போகலைங்க. அடுத்த பஸ்லதான் போகணும்” என்றார் சௌந்தரவல்லி.

பஸ்ஸில் படங்களை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நால்வரும் நின்றுகொண்டே வந்தார்கள். “என்ன இருந்தாலும் நம்மளைவிட அவங்க கெட்டிக்காரங்கதான்” என்றார் செயலாளர்.

ஏகாம்பரம் நீண்ட நேரம் யோசித்தார். முகம் வெளுத்தது. “சார், தலைவரே மாலை போட்டு அவங்களை ஒத்துக்கிட்டார். அப்ப அவங்கதான் அசல். நாமதான் நகல்.”

“அதனால என்னய்யா?”

“நகல் வேற ஊர்லல்ல சார் இருக்கணும்!”

செயலாளர் பதறிப்போய் நடத்துனரைக் கூப்பிட்டார். படங்களை வல்லாங்குளத்தில் பத்திரமாக இறக்கிவிடும்படி சொல்லிவிட்டு, விசிலடிக்கச் சொன்னார். பஸ் நின்றது. சுற்றிலும் கரும்புத் தோட்டம்.

“இங்கே ஊரே இல்லையே சார். எந்த ஊருக்குப் போகணும் நீங்க?” என்றார் நடத்துனர்.

“எந்த ஊரா இருந்தாலும் சரி” என்றபடி செயலாளர் கீழே இறங்கினார். “எங்க ஊரா மட்டும் இருக்கக் கூடாது.”